சொந்தக் கருவியா, பகிர்வு ஆய்வகமா, வெளி நிறுவனமா? முதலில் மாதிரியைப் பாருங்கள்

கலவையிலிருந்து வேண்டிய செல்களை மட்டும் பிரித்தெடுக்கும் செல் சார்ட்டர் என்ற கருவியை வாங்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் செல்கள் உடலைவிட்டு வந்த பிறகு எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்பதுதான். கையில் எவ்வளவு நிதி இருக்கிறது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். புதிதாக ஆராய்ச்சிக் குழு தொடங்கியவர்கள் பெரும்பாலும் விலைப்பட்டியலோடுதான் வருவார்கள். கருவியின் விலை இவ்வளவு, பகிர்வு ஆய்வகத்தில் மணிக்கட்டணம் இவ்வளவு, வெளி நிறுவனத்தில் ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று அழகாகப் பத்தி பிரித்து எழுதியிருப்பார்கள். அந்தத் தாளில் மாதிரியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆனால் எந்த வழியில் போகலாம், எந்த வழியில் போக முடியாது என்பதை அந்த மாதிரிதான் தீர்மானிக்கிறது.

ஆய்வு வட்டாரத்தில் கோர் ஃபெசிலிட்டி என்று சொல்லப்படும் பகிர்வு ஆய்வகம், பல குழுக்களுக்குப் பொதுவான விலையுயர்ந்த கருவிகளையும் அவற்றை நடத்தத் தெரிந்த ஆட்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் கூடம். உயிர்மருத்துவத் துறையில் செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, உயர்நிலை நுண்ணோக்கிகள், டிஎன்ஏவின் எழுத்துக்களைப் படிக்கும் சீக்வென்சிங், புரதங்களை எடையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி ஆகியவை அதிகமாகப் பகிரப்படுகின்றன. இதற்கு மாற்றாக மூன்று வழிகள் உண்டு. கருவியைச் சொந்தமாக வாங்கலாம். கட்டணத்துக்குச் செய்துதரும் நிறுவனத்துக்கு மாதிரியை அனுப்பலாம். கருவி வைத்திருக்கும் வேறொரு குழுவோடு கூட்டுச் சேரலாம். நான் ஆய்வு மாணவனாக இருந்த குழுவில் எல்லாமே சொந்தக் கருவிகள். பிறகு பல ஆண்டுகள் ஒரு பகிர்வு ஆய்வகத்தின் ஃப்ளோ சைட்டோமெட்ரிப் பிரிவில் வேலை செய்தேன். என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். ஆனாலும் எல்லாவற்றுக்கும் பகிர்வு ஆய்வகமே விடை என்று நான் சொல்லப்போவதில்லை.

உயிருள்ள மாதிரி தூரம் போகாது

நியூட்ரோஃபில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் மிக அதிகமாக உள்ள வெள்ளையணுக்கள் இவைதான். ரத்தம் எடுத்த சில மணி நேரத்தில் இவற்றின் இயல்பு மாறத் தொடங்கும். உறைய வைத்தால் பிழைப்பதும் அரிது. இவற்றைப் படிக்கும் ஒருவர் மாதிரியைக் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது. லிம்ஃபோசைட்டுகள் அப்படி இல்லை. டைமெத்தில் சல்பாக்ஸைடு கலந்து, மெல்லக் குளிரவைத்துத் திரவ நைட்ரஜனில் வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். இரண்டுமே வெள்ளையணுக்கள்தான். ஆனால் முதலாவதற்கு நடந்து போகும் தூரத்தில் கருவி வேண்டும். இரண்டாவதற்கு எங்கே இருந்தாலும் போதும்.

செல்லை ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திவிட்டு அனுப்பலாமே என்பார்கள். எண்ணிப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் செய்யலாம், எச்சரிக்கையோடு. செல்களை அடையாளம் காண ஒட்டும் ஒளிரும் சாயங்களில், பி.ஈ.-சை7 போன்ற (இரண்டு சாயங்களைப் பிணைத்த) இணைச் சாயங்கள் வெளிச்சத்திலும் ஃபார்மால்டிஹைடிலும் மெல்லச் சிதைகின்றன. சிதைந்தால், ஒரு நிறத்தில் வர வேண்டிய ஒளி பக்கத்து நிறத்தில் வரும். இல்லாத செல் வகை இருப்பதாகக் கருவி காட்டும். பிரித்தெடுத்த செல்லை மறுபடி வளர்க்க வேண்டும் என்றால் நிலைப்படுத்தும் பேச்சுக்கே இடமில்லை.

இந்த இடத்தில் செல் சார்ட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கின்றன. அவற்றைச் சுமந்து வரும் நீர்த்தாரை, அதிர்வினால் ஒரே அளவான துளிகளாக உடைகிறது. வேண்டிய செல் எந்தத் துளிக்குள் இருக்கிறதோ அதற்கு மட்டும் மின்னூட்டம் கொடுக்கப்படுகிறது. மின்புலம் அந்தத் துளியைப் பக்கவாட்டில் இழுத்துக் குழாயில் சேர்க்கிறது. மின்னூட்டிய துளியைத் திருப்பும் உத்தி, மைத்தாரையால் பதிவு செய்வதற்காக ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் உருவாக்கியது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மாக் ஃபுல்வைலர் அதைச் செல்களுக்குக் கொண்டுவந்து 1965-இல் வெளியிட்டார். ஒளிரும் சாயத்தை அடையாளமாகக் கொண்டு உயிருள்ள செல்களைப் பிரிக்கும் கருவியாக அதை வளர்த்தெடுத்தது லியோனார்ட் ஹெர்சன்பெர்க்கின் ஸ்டான்ஃபோர்டு குழு. தொடக்கத்திலேயே பொறியாளரும் உயிரியலாளரும் ஒரே அறையில் நின்று ஓட்டிய கருவி இது. இன்று மென்பொருள் பாதி வேலையை எடுத்துக்கொண்டாலும் கருவியின் குணம் மாறவில்லை. அறையின் வெப்பம் சற்று மாறினாலும், தாரை வெளிவரும் நுண்துளையான நாசிலில் ஒரு செல் கட்டி சிக்கினாலும், துளி உடையும் இடம் நகர்ந்துவிடும். அதைக் கவனிக்க ஒருவர் இல்லாவிட்டால் தவறான துளி குழாயில் விழும்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் செல் வகையில் 10,000 செல்கள் வேண்டும் என்றால், குறைந்தது ஒரு கோடி செல்களைக் கருவி வழியே விட வேண்டும். லிம்ஃபோசைட் போன்ற சிறிய செல்களை 70 மைக்ரான் நாசிலில் நொடிக்குப் பத்தாயிரம் வீதம் விட்டால் ஏறத்தாழ 17 நிமிடத்தில் முடிந்துவிடும். மேக்ரோஃபேஜ் போன்ற பெரிய செல்களுக்கு அது ஒத்துவராது. நாசிலின் துளை, செல்லின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழகிய விதி. 100 மைக்ரான் நாசிலில் வேகத்தை நொடிக்கு மூவாயிரமாகக் குறைத்தால் அதே வேலைக்கு 55 நிமிடம் ஆகும். இவை, எந்தச் செல்லும் வீணாகாது என்று வைத்துப் போட்ட கணக்குகள். பாதி வீணானால் நேரம் இரட்டிப்பாகும். கருவியைத் தயார் செய்யும் நேரமும் கழுவும் நேரமும் தனி. அரை நாள் பிடிக்கும் வேலைக்குச் சார்ட்டரில் ஒரு மணி நேரம் மட்டும் முன்பதிவு செய்துவிட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய செல்கள் பனிக்கட்டியில் காத்திருந்தே இறக்கும்.

சொந்தமாக வாங்கினால்

வேண்டும்போது வேண்டிய நேரத்தில் கருவி கிடைக்கிறது. நள்ளிரவில் திசு வந்தாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த விடுதலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சிந்தனையின் வேகம் அதைப் பொறுத்தது. ஆனால் அந்த விடுதலைக்கு எவ்வளவு மணி நேரம் தேவைப்படுகிறது என்பதை எழுதிப் பார்க்க வேண்டும். மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் செல் பிரிக்கும் குழுவுக்கு ஆண்டுக்கு 96 மணி நேரம் போதும். வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி என்று 48 வாரம் கணக்கிட்டால் கருவி ஓடக்கூடிய நேரம் 1,920 மணி. அதில் 96 என்பது 5 விழுக்காடு. மீதி 95 விழுக்காடு நேரமும் கருவி உறை போர்த்தி நிற்கும். ஆனால் லேசரின் வயது கூடிக்கொண்டே போகும், பராமரிப்பு ஒப்பந்தமும் நடந்துகொண்டே இருக்கும். இத்தகைய கருவிகளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆண்டுக்குக் கொள்முதல் விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வரும். வாங்கும் நாளில் இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நிதி வழங்குகிறவர்களும் கருவிக்குக் கொடுப்பார்கள். அதன் ஐந்தாவது ஆண்டுப் பராமரிப்புக்குக் கொடுப்பது அரிது.

இதைவிடப் பெரிய இழப்பு ஆள் போவது. நான் மாணவனாக இருந்தபோது எங்கள் குழுவின் ஃப்ளோ சைட்டோமீட்டரை முழுமையாக அறிந்தவர் ஒரே ஒரு மூத்த மாணவர். எந்த ஒலி வந்தால் பம்பில் காற்று புகுந்திருக்கிறது, எந்த டிடெக்டர் காலையில் சூடேற நேரம் எடுக்கும் என்பதெல்லாம் அவர் கைக்குள் இருந்தது. அவர் பட்டம் பெற்றுப் போன பிறகு ஏழு மாதம் அந்தக் கருவி தந்த எண்களை நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு லேசர் தன் கோட்டிலிருந்து விலகியிருந்ததை, பழுதுபார்க்க வந்த பொறியாளர்தான் காட்டினார். அந்த ஏழு மாதச் சோதனைகளில் பாதியை மறுபடி செய்தோம். கருவி எங்களிடம் இருந்தது, அதை அறிந்தவர் எங்களிடம் இல்லை.

அப்படியானால் எதை வாங்கலாம்? நாள்தோறும் தொடும் எதையும் வாங்கலாம். டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் கருவி, நிகழ்நேர பிசிஆர், சென்ட்ரிஃபியூஜ், கார்பன் டை ஆக்ஸைடு இன்குபேட்டர், சாதாரண ஒளிரும் நுண்ணோக்கி ஆகியவற்றுக்கு மாடி ஏறி இறங்குவது காலவிரயம். செல்களை எண்ணவும் நாலைந்து நிறங்களைப் பார்க்கவும் போதுமான சிறிய ஃப்ளோ சைட்டோமீட்டரை வாங்குவதும் பல குழுக்களுக்கு நியாயமானது. அது சார்ட்டரைவிட மிக எளிய கருவி, பராமரிப்பும் குறைவு. பெரிய கருவியை வாங்குவதற்கு நியாயமான காரணங்களாக எனக்குத் தோன்றுபவை இரண்டுதான். ஒன்று, தொற்றுள்ள மாதிரிகள். சார்ட்டரில் நாசில் அடைத்துத் தாரை சிதறினால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் பரவும். உயர் பாதுகாப்பு அறையை விட்டு வெளியே வரக்கூடாத கிருமியோடு வேலை செய்கிறவர்கள் கருவியை அந்த அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, கருவியையே மாற்றியமைக்கும் ஆராய்ச்சி. லென்ஸ் பாதையைக் கழற்றி மாட்டிப் புதுமுறை கண்டுபிடிக்கிறவர்கள் நாற்பது பேர் பகிரும் கருவியில் அதைச் செய்ய முடியாது.

பகிர்வு ஆய்வகத்தில் நீங்கள் பெறுவது

மணிக்கட்டணத்தை மட்டும் பார்க்கிறவர்கள் அங்கே கருவி வாடகைக்குக் கிடைப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கட்டணத்தில் கிடைக்கும் மிக அருமையான பொருள், தோற்றுப்போன சோதனைகளை நூற்றுக்கணக்கில் பார்த்த ஒரு மனிதர். ஒரு குழு ஆண்டுக்குப் பத்து முறை ஒரு கருவியைத் தொடும்; அவர் நாள் முழுதும் அதோடு இருக்கிறார். ஒவ்வொரு காலையும் ஒளிர்வு எவ்வளவு என்று முன்பே தெரிந்த நுண்மணிகளை ஓட்டி, டிடெக்டர்கள் நேற்றுப்போலவே பதில் சொல்கின்றனவா என்று பார்த்து எழுதி வைக்கிறார். இரண்டு ஆண்டுகள் நோயாளிகளிடமிருந்து மாதந்தோறும் ரத்தம் வாங்கி ஒப்பிடும் ஆய்வுக்கு அந்தப் பதிவேடு எவ்வளவு பெரிய கொடை என்பது, அது இல்லாமல் தவித்தவர்களுக்குத் தெரியும். மாற்றம் நோயாளியிடம் நடந்ததா, கருவியில் நடந்ததா என்பதை அது ஒன்றுதான் சொல்லும்.

புரத ஆய்வில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஒரு மாணவி ஒரு மாதம் உழைத்துப் புரதக் கலவையைத் தயாரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். செல்லை உடைக்க ட்ரைட்டான் என்ற சோப்புப் பொருளைப் பயன்படுத்தியிருந்தார். அதிலிருந்து வரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கருவியில் 44 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) இடைவெளியில் வரிசை வரிசையாகச் சிகரங்களாகத் தோன்றும். அவருடைய புரதங்கள் அந்தக் காட்டுக்குள் மறைந்துபோயின. எஞ்சியிருந்ததில் பெரும்பங்கு கெரட்டின்; அது விரல் தோலிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் வந்தது. அந்தப் பிரிவின் வல்லுநர் பார்த்த நொடியே இரண்டையும் சொல்லிவிட்டார். சோதனை தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் அவரிடம் பேசியிருந்தால் அந்த மாதம் மிச்சமாகியிருக்கும். பகிர்வு ஆய்வகத்தைப் பயன்படுத்துகிறவர்களில் பலர் செய்யும் பெரிய தவறு இதுதான்: மாதிரி தயாரான பிறகு வருகிறார்கள். திட்டம் தாளில் இருக்கும்போதே வர வேண்டும். எந்தச் சாயம் எந்த லேசருக்குப் பொருந்தும், ஒப்பீட்டுக்கான எந்தக் கன்ட்ரோல் குழாய் விட்டுப்போயிருக்கிறது, ரத்தத்தை உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினில் எடுத்தால் பிறகு பிசிஆர் தடைபடுமே என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் வெளிவரும்.

பகிர்வு ஆய்வகத்துக்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது. பயிற்சி பெற்று நீங்களே ஓட்டலாம், அல்லது அங்குள்ளவரை ஓட்டச் சொல்லலாம். நுண்ணோக்கியில் நீங்களே ஓட்டுவதுதான் நல்லது என்பது என் திடமான கருத்து. ஏனென்றால் அங்கே பார்ப்பதே சோதனை. எந்தச் செல்லைப் படம் எடுப்பது, ஏன் அந்த ஓரம் வித்தியாசமாக ஒளிர்கிறது என்பதை அந்த உயிரியலில் மூழ்கியவர் கண்தான் பிடிக்கும். மாதிரியின் ஒரே தளத்தை மட்டும் தெளிவாகக் காட்டும் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் இரண்டு நாள் பயிற்சி பெற்றால் தனியே ஓட்டலாம். ஒளியின் இயல்பால் சாதாரண நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் குறைவான நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டாது என்று எர்ன்ஸ்ட் அபே 1873-இல் காட்டினார். அந்த எல்லையைத் தாண்டிய முறைகளுக்குத்தான் 2014-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவற்றில் முதல் சில மாதங்களாவது அங்குள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அழகான படம் பொய்யாகவும் இருக்கலாம் என்பதை அவர் சொல்வார். சார்ட்டரை அங்குள்ளவரிடமே விட்டுவிடுங்கள். வாரம் இரண்டு முறைக்குமேல் பிரிக்கிறவர்கள் மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். வரிசை இருக்கும். நிதி ஆண்டின் இறுதியிலும் பெரிய மாநாடுகளுக்கு முந்தைய வாரங்களிலும் அது நீளும். முன்பு பயன்படுத்தியவர் என்ன செய்துவிட்டுப் போனார் என்பது தெரியாது. எண்ணெய் தொடக்கூடாத லென்ஸில் எண்ணெய் பூசிவிட்டு ஒருவர் போனதால், அடுத்த மூன்று நாட்கள் எல்லோருடைய படங்களும் மங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். பொது இன்குபேட்டரில் ஒரு தட்டு மைக்கோபிளாஸ்மாவோடு வந்தால் பக்கத்துத் தட்டுகளுக்கும் ஆபத்து. செல் சுவர் இல்லாத இந்த நுண்ணுயிரைப் பென்சிலின் ஒன்றும் செய்யாது, 0.2 மைக்ரான் வடிகட்டியைக்கூடத் தாண்டிவிடும். தட்டில் கலங்கலும் தெரியாது. ஆகவே மைக்கோபிளாஸ்மாச் சோதனைச் சான்று கேட்காமல் செல்களை உள்ளே விடும் பகிர்வு ஆய்வகத்தில் என் செல்களை நான் வைக்க மாட்டேன். நுழையும்போது கெடுபிடி அதிகமாக இருந்தால் எரிச்சல் படாதீர்கள். அந்தக் கெடுபிடி உங்களுக்கும் காவல்.

பணியாளர் எண்ணிக்கையையும் பாருங்கள். எட்டுக் கருவிகளுக்கு ஒருவர் என்றால் அந்த இடம் பெயரளவில்தான் பகிர்வு ஆய்வகம். பூட்டும் சாவியும் மட்டும் கிடைக்கும்.

மூலக்கூறுகள் பயணம் செய்யும்

சீக்வென்சிங் விஷயத்தில் என் விடை வேறு. மனித மரபணுத் தொகுதியைப் படிக்கும் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்தது. பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து உழைத்தன. அதே அளவு எழுத்துக்களை இன்று பெரிய கருவி ஒன்று ஒரே ஓட்டத்தில் பல மடங்கு படித்துவிடுகிறது. இந்தப் பெருக்கமே ஒரு சிக்கல். ஒரு குழுவின் 12 மாதிரிகள் அத்தகைய கருவியின் ஓட்டத்தை நிரப்பவே நிரப்பாது. ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு குறியீட்டு வரிசையை ஒட்டி, பல குழுக்களின் மாதிரிகளைக் கலந்து ஓட்டினால்தான் செலவு நியாயமாகும். எவ்வளவு பேர் சேர்கிறார்களோ அவ்வளவுக்கு வேகமாக ஓட்டம் நிரம்பும். சிறிய பகிர்வு ஆய்வகத்தில் ஓட்டம் நிரம்ப ஐந்து வாரம் காத்திருக்கும் மாதிரி, பெரிய நிறுவனத்தில் சில நாட்களில் ஓடிவிடும். பிரித்தெடுத்த டிஎன்ஏ குழாயில் பத்திரமாக இருக்கும். ஆர்என்ஏ சற்று மென்மையானது. ஆனாலும் மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்து, உலர் பனிக்கட்டியில் பொதிந்து அனுப்பினால் தாங்கும். ஆகவே தரமான மூலக்கூறுகளை நீங்களே பிரித்தெடுக்க முடியுமென்றால் அவற்றை வெளி நிறுவனத்துக்கு அனுப்புவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அனுப்புவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். ஆர்என்ஏ சிதையாமல் இருக்கிறதா என்பதை 1 முதல் 10 வரையிலான ஆர்ஐஎன் என்ற எண்ணால் அளப்பார்கள்; 10 என்றால் சிதையாதது. அந்த அளவைப் பக்கத்தில் உள்ள பகிர்வு ஆய்வகத்திலேயே எடுத்துவிடுங்கள். நிறுவனம் பெற்றபோது எண் 4 என்று வந்தால், வழியில் சிதைந்ததா, அனுப்பும்போதே சிதைந்திருந்ததா என்ற வாதத்துக்கு இடமிருக்காது. அடுத்து, குறியீட்டு வரிசைகள். புதிய வகைக் கருவிகளில் ஒரு மாதிரியின் குறியீடு இன்னொன்றின் துண்டில் தாவி ஒட்டும் கோளாறு சிறிதளவு நடக்கிறது. இரு முனைகளிலும் வேறெந்த மாதிரிக்கும் இல்லாத குறியீட்டைப் பயன்படுத்தினால் தாவியவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடலாம். இதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

நிறுவனங்களிடம் எனக்குள்ள குறை வேறு. அவர்களுடைய வழிமுறை நிலையானது. ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி செய்வதால்தான் வேகமும் சிக்கனமும் வருகின்றன. உங்கள் மாதிரி அந்த அச்சுக்குள் அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால், ஏன் தோற்றது என்பதைக் கண்டுபிடிக்க உங்களோடு உட்காரும் ஆள் அங்கே இல்லை. "தரத்தேர்வில் தேறவில்லை" என்ற ஒரு வரிதான் வரும். இன்னொன்று தரவு. வண்ண வரைபடங்கள் நிறைந்த அறிக்கை வரும், அதோடு நிறைவடைந்துவிடாதீர்கள். கருவியிலிருந்து வந்த மூலக் கோப்புகள் முழுவதும் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்றும் கேளுங்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு ஒரு மதிப்பாய்வாளர் புதிய முறையில் மறுபடி கணக்கிடச் சொன்னால் அறிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நோயாளிகளின் மரபணுத் தரவு என்றால், மாதிரி தந்தவரின் ஒப்புதல் படிவம் வெளியே அனுப்ப இடம் தருகிறதா என்பது எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி. அது இல்லையென்றால் விலை, வேகம் எதையும் பேசிப் பயனில்லை.

கூட்டுச் சேர்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் சோதனை ஓட்டத்துக்கு அது மிக நல்ல வழி. மூன்றாண்டுத் திட்டத்தை அதன்மேல் கட்டக் கூடாது. அந்தக் குழுவின் அவசரம் எப்போதும் உங்கள் அவசரத்துக்கு முன்னால் நிற்கும், நிற்கவும் வேண்டும்.

இரண்டும் கலந்த இடம்

ஒவ்வொரு செல்லின் ஆர்என்ஏவையும் தனித்தனியே படிக்கும் தனிச் செல் சீக்வென்சிங்தான் இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அது செல்லில் தொடங்கி மூலக்கூறில் முடிகிறது. திசுவை நொதியால் கரைத்துச் செல்களைத் தனித்தனியாக்க வேண்டும். இறந்த செல்கள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு செல்லும் ஒரு நுண்துளிக்குள் அடைபடும். அங்கே அதன் ஆர்என்ஏவுக்குத் தனிக் குறியீடு ஒட்டப்படும். செல்களை நெருக்கி விட்டால் ஒரே துளியில் இரண்டு மாட்டிக்கொள்ளும். வழக்கமான துளி முறைகளில் 10,000 செல்களை மீட்க முயன்றால் முறையைப் பொறுத்து நூற்றுக்கு நான்கு முதல் எட்டு வரை அப்படி இரட்டையாக வரும். இவ்வளவும் ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். காத்திருக்கும் செல் சும்மா இருப்பதில்லை. 37 டிகிரியில் நொதியில் கிடக்கும்போதே ஃபாஸ், ஜுன் போன்ற அழுத்தகால மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. நோயால் விழித்தது எது, நம் கையாளுதலால் விழித்தது எது என்று பிறகு பிரிக்க முடியாமல் போகும்.

ஆகவே இதை ஒரே இடத்தில் ஒப்படைக்காமல் இரண்டாக வெட்டலாம் என்பது என் பரிந்துரை. திசு கரைப்பது, இறந்த செல்களைச் சார்ட்டரில் நீக்குவது, துளிகளில் அடைப்பது, ஆர்என்ஏவை டிஎன்ஏ படியாக மாற்றுவது வரை பக்கத்துப் பகிர்வு ஆய்வகத்தில். அந்த டிஎன்ஏ படி குழாய்க்குள் வந்துவிட்டால் அது பயணம் செய்யும் பொருள். சீக்வென்சிங்கை எங்கு மலிவோ எங்கு வேகமோ அங்கே வைத்துக்கொள்ளலாம். வெட்டும் இடத்தில் ஒரு தர அளவீடு எடுத்து இரு தரப்புக்கும் கொடுத்துவிட வேண்டும்.

பக்கத்தில் பகிர்வு ஆய்வகமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கேள்வியையே சற்று மாற்றிப் பார்க்கலாம். முழுச் செல்லுக்குப் பதிலாக உட்கரு போதுமா? உறைந்த திசுவிலிருந்தும் உட்கருக்களைப் பிரித்தெடுத்துச் சீக்வென்சிங் செய்ய முடிகிறது. மூளைத் திசு போன்றவற்றில் முழுச் செல்லைக் கெடாமல் எடுப்பதே கடினம் என்பதால் பலர் இதையே விரும்பிச் செய்கிறார்கள். உட்கருவுக்கு வெளியே செல்லுக்குள் மிதக்கும் ஆர்என்ஏவை இதில் இழக்கிறோம். அந்த இழப்பு உங்கள் கேள்வியைப் பாதிக்காது என்றால், உயிருள்ள மாதிரி உறைந்த மாதிரியாக மாறிவிடுகிறது. அதோடு தேர்வு செய்யும் வழிகளும் விரிகின்றன.

பெயரும் நன்றியும்

இது சிறிய விஷயமாகத் தெரியலாம், ஆனால் பகிர்வு ஆய்வகங்கள் இதில்தான் வாழ்கின்றன அல்லது மெலிகின்றன. கட்டணம் கட்டிவிட்டோமே, பிறகு ஏன் கட்டுரையில் பெயர் என்று சிலர் கேட்கிறார்கள். மாதிரியை ஓட்டிக் கொடுத்ததற்கு நன்றிக்குறிப்பு போதும். ஆனால் சோதனையை வடிவமைத்தவர், புதிய சாய வரிசையை உங்களுக்காகக் கட்டியவர், தரவை விளக்கியவர் என்றால், கட்டணம் கட்டியது அவருடைய ஆசிரியர் உரிமையை நீக்கிவிடாது. நாற்பது நிறங்களை ஒரே குழாயில் பிரித்துப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறை 2020-இல் வெளியானது. அத்தகைய வரிசையை அமைப்பது மாதக்கணக்கான அறிவுழைப்பு. அதைச் சேவை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது இருவருக்கும் மரியாதை. நன்றிக்குறிப்பில் அந்த ஆய்வகத்தின் பெயர் இல்லாமல் போனால், அடுத்த கருவிக்கு விண்ணப்பிக்கும்போது அவர்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. உங்கள் மாணவருக்கு அடுத்த ஆண்டு தேவைப்படும் கருவியும் அதனால் வராமல் போகலாம்.

நான் தொடக்கத்தில் சொன்ன வகையில் விலைப்பட்டியலோடு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களைப் படிக்கும் இளம் குழுத்தலைவர் அவர். சார்ட்டர் வாங்கிவிட வேண்டும் என்ற முடிவோடு வந்தார். மணிக்கணக்கைச் சேர்ந்து எழுதிப் பார்த்தோம். முதலாண்டுக்கு 110 மணி நேரம் வந்தது. அந்த நிதியில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி ஒன்று, சிறிய ஃப்ளோ சைட்டோமீட்டர் ஒன்று, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தொழில்நுட்ப உதவியாளர் என்று பிரித்துக்கொண்டார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் சார்ட்டரில் அவருக்கென நான்கு மணி நேரத்தை நாங்கள் ஒதுக்கினோம். சீக்வென்சிங் வெளியே போனது. அவர் பயன்படுத்திய ஒவ்வொரு மணியையும், வரிசையில் காத்திருந்ததால் கைவிட்ட ஒவ்வொரு சோதனையையும் அந்த உதவியாளர் ஒரு நோட்டில் எழுதி வந்தார். மூன்றாம் ஆண்டின் முடிவில் அந்த நோட்டோடு மறுபடி வந்தார்கள். ஆண்டுக்கு 700 மணி நேரம், கைவிட்ட சோதனைகள் 31. இந்த முறை சார்ட்டர் வாங்கச் சொன்னவன் நான்தான். அதை எங்கள் ஆய்வகத்திலேயே வைத்து, அவர் பயன்படுத்தாத நேரத்தை மற்றக் குழுக்களுக்கு விடலாம் என்று அவர் சொன்னார். தினமும் காலையில் ஒளிரும் நுண்மணிகளை ஓட்டிப் பார்க்கும் வேலையை அந்த உதவியாளர் ஏற்றுக்கொண்டார்.